மேசைக்கு வரும் தண்ணீர்: எங்கே இலவசம், எங்கே காசு, ஏன்?

வியன்னாவில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து காப்பி கேட்டால், சின்னத் தட்டில் காப்பியோடு ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரும் வரும். அதை யாரும் கேட்பதில்லை. பில்லிலும் அது ஏறுவதில்லை. அங்கிருந்து ரயிலில் நான்கு மணி நேரம் மேற்கே போனால் மியூனிக். அந்த ஊர் உணவகத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் பரிமாறுபவரின் முகம் மாறலாம். "பாட்டில் தண்ணீர்தான் இருக்கிறது" என்ற பதிலும் வரலாம்.

இரண்டு ஊர்த் தண்ணீருக்கும் மூலம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வியன்னாவுக்கு வரும் முதல் குழாய்ப்பாதை 1873இல் திறக்கப்பட்டது. மியூனிக்குக்கு அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து 1883 முதல் தண்ணீர் வருகிறது. இரண்டையும் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். இருந்தும் ஓர் ஊரில் தண்ணீர் தானாக வருகிறது, இன்னோர் ஊரில் கேட்டாலும் தயங்குகிறார்கள்.

சென்னையில் கதை தலைகீழ். குழாயில் வருவதை அப்படியே குடிக்க இங்கே பெரும்பாலோர் துணிவதில்லை. ஆனால் ஓட்டலில் உட்கார்ந்ததும், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே தம்ளரில் தண்ணீர் வந்துவிடும்.

நல்ல தண்ணீர் உள்ள நாட்டில் இலவசம், கெட்ட தண்ணீர் உள்ள நாட்டில் காசு என்று பலர் நினைக்கிறார்கள். மேலே சொன்ன மூன்று ஊர்களும் அந்த எண்ணத்துக்குள் அடங்கவில்லை. தண்ணீரின் தரத்தோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: உணவகம் எந்தப் பொருளில் லாபம் பார்க்கிறது, சட்டம் யார் பக்கம் நிற்கிறது.

## முதலில் சொற்கள்

தண்ணீர் பற்றிய குழப்பத்தில் பாதி, பெயர்களால் வருவது.

1. குழாய்த் தண்ணீர். நகராட்சியோ குடிநீர் வாரியமோ சுத்திகரித்துக் குழாயில் அனுப்புவது. இந்தியாவில் இதற்கான தர அளவுகோல் ஐ.எஸ். 10500.
2. அடைக்கப்பட்ட குடிநீர். எந்த மூலத்திலிருந்தும் எடுத்து, சுத்திகரித்து, பாட்டிலிலோ கேனிலோ அடைப்பது. ஐ.எஸ். 14543 இதற்கு உரியது. ஆழ்துளைக் கிணற்று நீரும் இதில் அடங்கும்.
3. மினரல் வாட்டர். இயற்கை ஊற்றிலிருந்து எடுத்து, அதன் தாது உப்புகள் மாறாமல் அடைப்பது. இதற்கு ஐ.எஸ். 13428. நம் பெட்டிக்கடையில் "மினரல் வாட்டர்" என்று கேட்டு வாங்கும் பாட்டில்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகை.
4. வாயு ஏற்றிய தண்ணீர். நாம் சோடா என்று சொல்வதற்கு நெருக்கமானது. ஜெர்மனியில் வெறுமனே "தண்ணீர்" என்று கேட்டால் மேசைக்கு வருவது பெரும்பாலும் இதுதான்.

நான்காவது வகை முக்கியமானது. ஜெர்மானிய உணவகத்தில் "தண்ணீர்" என்ற சொல்லே ஒரு விற்பனைப் பொருளின் பெயர். குழாயில் வருவதற்கு "லைட்டுங்ஸ்வாசர்" என்று தனிப்பெயர் உண்டு, அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். பிரான்சிலும் இப்படித்தான். "தண்ணீர்" என்று மட்டும் சொன்னால், "சாதாவா, வாயு உள்ளதா?" என்று கேள்வி வரும். இரண்டுமே பாட்டில். குழாய்த் தண்ணீர் வேண்டுமென்றால் "கராஃப் தோ" என்று கேட்க வேண்டும். ஒரு ஜாடித் தண்ணீர் என்று பொருள்.

## தண்ணீரின் செலவு பில்லில் எங்கே இருக்கிறது?

குழாய்த் தண்ணீர் உணவகத்துக்குக் கிட்டத்தட்டச் சும்மா கிடைக்கிறது. மேசையில் வைக்கும் தம்ளர் சும்மா வருவதில்லை. தம்ளரைக் கழுவ வேண்டும், ஆள் கொண்டுவந்து வைக்க வேண்டும், காலியானால் மறுபடி ஊற்ற வேண்டும், சில நாடுகளில் பனிக்கட்டி போட வேண்டும். தண்ணீர் மட்டும் குடிப்பவர் வேறு பானம் வாங்கமாட்டார் என்ற இழப்பும் இதில் சேரும். இந்தச் செலவை யாராவது ஏற்றே ஆக வேண்டும். உலகில் இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

1. சாப்பாட்டு விலைக்குள் அடக்குவது. பிரான்ஸ் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. 1967ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று, சாப்பாட்டின் விலைக்குள் எவையெல்லாம் அடங்கும் என்று பட்டியலிடுகிறது: ரொட்டி, சாதாரணத் தண்ணீர், உப்பு மிளகு போன்றவை, தட்டு, தம்ளர், துடைக்கும் துணி. இவற்றுக்குத் தனியாகக் காசு வாங்கக் கூடாது. அமெரிக்காவில் எழுதிய சட்டம் இல்லை, வழக்கம்தான். ஜப்பானிலும் அப்படியே, உட்கார்ந்ததும் குளிர்ந்த தண்ணீர் வந்துவிடும். தமிழ்நாட்டு ஓட்டலும் இந்த வகைதான்.

2. தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது. டென்மார்க்கில் குழாய்த் தண்ணீருக்கே ஒரு சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்கள் ஏராளம். இத்தாலியில் "கொப்பெர்த்தோ" என்று தலைக்கு ஒரு மேசைக் கட்டணம் பல ஊர்களில் உண்டு. அதைக் கொடுத்த பிறகும் தண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசு. இத்தனைக்கும் ரோம் நகரத் தெருக்களில் 1874 முதல் வைக்கப்பட்ட "நசோனி" குழாய்கள் ஏறத்தாழ 2,500 உள்ளன. இரவும் பகலும் அவற்றில் நல்ல குடிநீர் ஓடுகிறது. தெருவில் இலவசமாக ஓடும் தண்ணீர் உணவக வாசலைத் தாண்டும்போது பாட்டிலாக மாறுகிறது.

3. பானத்தில் ஈடுகட்டுவது. ஜெர்மனியின் வழி இது.

## ஜெர்மனி ஏன் தயங்குகிறது?

கஞ்சத்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது நியாயமல்ல.

சமையல், ஆள் கூலி அதிகம் கேட்கும் வேலை. காய் நறுக்க ஒருவர், அடுப்படியில் ஒருவர், விற்காமல் வீணாகும் பொருள் வேறு. பானத்துக்கு வேலை மிகக் குறைவு, லாபம் அதிகம். ஆகவே சாப்பாட்டைக் குறைந்த லாபத்தில் விற்று, பானத்தில் ஈடுகட்டுவது அங்கே பழகிப்போன கணக்கு. அந்த நாட்டில் இன்னொரு பழைய ஏற்பாடும் உண்டு. உணவகம் தொடங்கப் பணமும் சாமான்களும் பியர் ஆலை கொடுக்கும், பதிலுக்கு அந்த ஆலையின் சரக்கையே விற்பதாக உணவகக்காரர் ஒப்பந்தம் போடுவார். இப்படிப்பட்ட இடத்தில் குழாய்த் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து போகிறவர், சாப்பாட்டின் முழு விலையைக் கொடுக்காமல் போனதாகவே உணவகக்காரருக்குத் தோன்றும்.

இதோடு ஊற்றுநீர்ப் பழக்கமும் சேர்கிறது. நீடர்செல்ட்டர்ஸ் என்ற ஜெர்மானிய ஊரின் ஊற்றுத் தண்ணீர் நூற்றாண்டுகளாக அடைத்து விற்கப்பட்டது. ஆங்கிலத்தில் சோடாவைக் குறிக்கும் "செல்ட்சர்" என்ற சொல்லே அந்த ஊர்ப்பெயரிலிருந்து பிறந்தது. தண்ணீருக்குக் காசு கொடுப்பது அங்கே நேற்று வந்த வழக்கமல்ல.

ஜெர்மானிய உணவகச் சட்டத்தில் வேறொரு பாதுகாப்பு இருக்கிறது. மது விற்கும் இடத்தில், மது அல்லாத பானம் ஒன்றாவது, அளவுக்கு அளவு ஒப்பிட்டால், அங்குள்ள மிக மலிவான மதுபானத்தைவிட விலை கூடுதலாக இருக்கக் கூடாது. மக்கள் இதை "ஆப்பிள் சாறு விதி" என்பார்கள். குடிக்காதவரைக் குடிக்கத் தள்ளக் கூடாது என்ற அக்கறை இதில் தெரிகிறது. ஆனால் அந்த அக்கறை மலிவான பானத்தோடு நின்றுவிட்டது, இலவசத் தண்ணீர் வரை வரவில்லை.

வியன்னாவின் தம்ளர் வேறு கணக்கில் வருவது. அது காப்பியின் துணை. காப்பியின் விலைக்குள் நாற்காலியும் செய்தித்தாளும் தண்ணீரும் அடக்கம். ஒரு காப்பிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரிடம் அந்த விலை ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டது. வேறெதுவும் வாங்காமல் வெறும் குழாய்த் தண்ணீர் கேட்டால் ஆஸ்திரியாவிலும் கட்டணம் போடும் உணவகங்கள் உண்டு.

## அமெரிக்கத் தம்ளரில் பனிக்கட்டி எப்படி வந்தது?

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி விற்றார். பனிக்கட்டி மலிந்ததும் அமெரிக்கர்களுக்குத் தண்ணீர் என்றாலே பனிக்கட்டி போட்ட தண்ணீர் என்று ஆகிவிட்டது. அதே டியூடரின் பனிக்கட்டி 1833இல் கல்கத்தாவுக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்க 1842இல் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

இலவசம் என்பதால் வீணாவதும் உண்டு. கடும் வறட்சியில் தவித்த கலிஃபோர்னியா, 2015 மார்ச்சில் ஓர் அவசர விதி கொண்டுவந்தது: வாடிக்கையாளர் கேட்டால் மட்டுமே உணவகத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். குடிக்காமல் கொட்டும் தண்ணீரோடு, அந்தத் தம்ளரைக் கழுவும் தண்ணீரும் மிச்சமாகும் அல்லவா?

## சட்டங்கள் என்ன சொல்கின்றன?

இங்கேதான் செய்தி படிப்பவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். "ஐரோப்பாவில் உணவகத் தண்ணீர் இனி இலவசம்" என்று தலைப்பு வருகிறது. அதை நம்பிப் போனவர் கையில் தண்ணீருக்கும் சேர்த்துப் பில் வருகிறது. ஒவ்வொரு சட்டமும் வெவ்வேறு நோக்கத்தில் பிறந்தது என்பதைக் கவனித்தால் குழப்பம் தீரும்.

1. பிரிட்டன்: நோக்கம் குடியைக் குறைப்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010இல் வந்த கட்டாய உரிம நிபந்தனைகளின்படி, மது விற்க உரிமம் பெற்ற இடங்கள் வாடிக்கையாளர் கேட்டால் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும். மது உரிமம் இல்லாத சிற்றுண்டிக் கடைக்கு இது பொருந்தாது. விருந்தோம்பலுக்காக எழுதிய விதி அல்ல இது. போதையில் இருப்பவருக்குத் தண்ணீராவது கிடைக்கட்டும் என்று எழுதியது. ஆஸ்திரேலிய மாநிலங்களிலும் மது உரிமத்தை ஒட்டியே இத்தகைய விதிகள் உள்ளன.

2. பிரான்ஸ்: நோக்கம் குப்பையைக் குறைப்பது. 1967 ஆணை இருந்தும், ஜாடித் தண்ணீர் கேட்கலாம் என்று தெரியாதவர்கள் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2020 பிப்ரவரியில் வந்த வீணடிப்புத் தடுப்புச் சட்டம் அந்த இடைவெளியை அடைத்தது. 2022 ஜனவரி 1 முதல், குடிநீரை இலவசமாகக் கேட்கலாம் என்பதை உணவகங்கள் மெனு அட்டையிலோ அறிவிப்புப் பலகையிலோ கண்ணில் படும்படி எழுத வேண்டும். தண்ணீர் குளிர்ந்தோ மிதமான சூட்டிலோ இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சுடுதண்ணீரைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட முடியாது.

3. ஸ்பெயின். 2022ஆம் ஆண்டின் கழிவுச் சட்டம், உணவகங்கள் பாட்டிலில் அடைக்காத தண்ணீரை எப்போதும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது.

4. ஐரோப்பிய ஒன்றியம்: கட்டாயம் இல்லை. தண்ணீர் மனித உரிமை என்று கோரி 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மக்கள் முன்னெடுப்பு, 2020 டிசம்பரில் வந்த குடிநீர் நெறியாணைக்கு ஒரு தூண்டுகோல். அதில் உணவகங்கள் பற்றிய வாசகம் கவனமாக எழுதப்பட்டது: இலவசமாகவோ குறைந்த சேவைக் கட்டணத்திலோ தண்ணீர் தருவதை உறுப்பு நாடுகள் ஊக்குவிக்கலாம். கட்டாயப்படுத்த வேண்டும் என்று அதில் இல்லை. ஜெர்மனியும் இத்தாலியும் பழைய வழக்கத்தையே தொடர முடிவது இதனால்தான். டென்மார்க்கின் கட்டணமும் அந்த வாசகத்துக்குள் அடங்குகிறது.

5. இந்தியா. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அடிக்கடித் தவறாகச் சொல்லப்படுகிறது. ஓட்டல்களும் உணவகங்களும் பாட்டில் தண்ணீரை அதில் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலைக்கு மேல் விற்கலாமா என்பதே வழக்கு. விற்கலாம் என்றது நீதிமன்றம். உணவகத்துக்கு வருகிறவர் பாட்டிலை மட்டும் வாங்க வருவதில்லை, இடத்தையும் சேவையையும் சேர்த்தே அனுபவிக்கிறார் என்பது அதன் காரணம். தம்ளர் தண்ணீருக்குக் காசு வாங்கலாமா என்ற கேள்வி அந்த வழக்கில் எழவே இல்லை. பாட்டில் வேண்டாம் என்று சொல்லத் தடையாகவும் அந்தத் தீர்ப்பில் எதுவும் கிடையாது.

இவற்றில் பிரெஞ்சு ஏற்பாடே எனக்கு நேர்மையாகப் படுகிறது. தண்ணீரின் செலவு சாப்பாட்டு விலைக்குள் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் கூச்சப்பட வேண்டியதில்லை, கொடுப்பவர் இழந்ததாக நினைக்க வேண்டியதில்லை.

## குழாய் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும்

ஐரோப்பிய விதிகளை இங்கே அப்படியே கொண்டுவர முடியாததற்குக் காரணம் குழாய்க்குள் இருக்கிறது.

பாரிஸிலோ வியன்னாவிலோ குழாயில் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. குழாயில் விரிசல் இருந்தாலும் உள்ளிருந்து வெளியே கசியுமே தவிர, வெளியிலிருந்து அழுக்கு உள்ளே நுழையாது. இந்திய நகரங்கள் பெரும்பாலானவற்றில் தண்ணீர் நாளில் சில மணி நேரம், சில ஊர்களில் சில நாளுக்கு ஒருமுறை வருகிறது. பம்பை நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் விழுகிறது. அப்போது பக்கத்துச் சாக்கடைக் கசிவை விரிசல் வழியே குழாய் உள்ளிழுத்துக்கொள்கிறது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல தண்ணீராகக் கிளம்பியது, வழியில் கெட்டுப்போகிறது.

கட்டடத்துக்கு வந்த பிறகு அடுத்த ஆபத்து. சில மணி நேரமே வருவதால் சம்ப்பில் பிடித்து, மாடித் தொட்டிக்கு ஏற்றி வைக்கிறோம். கிருமிகளைத் தடுக்கத் தண்ணீரில் விட்டுவைக்கும் எஞ்சிய குளோரின் அங்கே நாள்படக் குறைந்துபோகிறது. தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்பது சாப்பிட வருபவருக்குத் தெரியாது.

## "நார்மலா, பாட்டிலா?"

இதனால்தான் நம் ஓட்டல்களில் "குழாய்த் தண்ணீர்" என்ற சொல்லே புழங்குவதில்லை. சர்வர் கேட்பது "நார்மலா, பாட்டிலா?" என்றுதான். அந்த "நார்மல்" என்ற சொல்லுக்குள் குறைந்தது நான்கு வகைத் தண்ணீர் இருக்கலாம்:

1. 20 லிட்டர் கேனில் வாங்கியது.
2. ஓட்டலிலேயே ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்தது.
3. காய்ச்சி ஆறவைத்தது.
4. மாடித் தொட்டியிலிருந்து நேரே பிடித்தது.

முதல் மூன்றும் ஒழுங்காகச் செய்திருந்தால் குடிக்கலாம். நான்காவதில்தான் சிக்கல். உணவகத்தில் பயன்படும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ஆனால் தம்ளரைப் பார்த்து எது எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சந்தேகம்தான் பாட்டிலை விற்கிறது. வசதி உள்ளவர் பாட்டில் வாங்கிச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறார். இரண்டு இட்லி சாப்பிட வந்த கூலித் தொழிலாளிக்கு அது கட்டுப்படியாகாது. அவர் தம்ளரை நம்பித்தான் குடிக்கிறார். கோடையில் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் வைத்து, வருவோர் போவோருக்கெல்லாம் மண்பானைத் தண்ணீரும் மோரும் கொடுக்கும் ஊரில், இந்தப் பிரிவினை மேசைக்கு மேசை நடப்பது வேதனைக்குரியது.

கேரளத்து ஓட்டல்கள் இந்தச் சந்தேகத்துக்கு அழகான பதில் வைத்திருக்கின்றன. அங்கே பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக மேசைக்கு வரும். கொதித்தால்தான் கட்டையிலிருந்து சாயம் நன்றாக இறங்கும் என்பதால், அந்த நிறமே காய்ச்சியதற்குச் சாட்சி. சீரகத் தண்ணீரும் இதே வேலையைச் செய்கிறது. சீனத்து உணவகங்களில் சுடுநீரோ தேநீரோ முதலில் வருவதையும் இப்படிப் பார்க்கலாம்: காய்ச்சியது என்பது கையில் பிடித்தாலே தெரிகிறது.

தமிழ்நாட்டு ஓட்டல்காரர் இதற்கு இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. எந்த வகைத் தண்ணீர், தொட்டி கழுவிய தேதி என்ன, வடிகட்டி மாற்றிய தேதி என்ன என்று ஒரு பலகையில் எழுதி மாட்டினால் போதும். கேட்கும் பழக்கம் நமக்கும் வர வேண்டும். "நார்மல் என்றால் கேனா, ஆர்.ஓ.வா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

## பூரியில் என்ன மாறியது?

ஒடிசாவின் பூரி நகரில் 2021 ஜூலையில் இருபத்து நான்கு மணி நேரக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம் என்று மாநில அரசு அறிவித்த முதல் இந்திய நகரம் அது. லட்சக்கணக்கான பக்தர்கள் வந்துபோகும் ஊர். அழுத்தம் விழாமல் குழாய் நிரம்பியிருக்க வேண்டும், தரத்தை இடைவிடாமல் சோதிக்க வேண்டும், கசிவை உடனே அடைக்க வேண்டும் என்பதே அந்தத் திட்டத்தின் அடிப்படை.

இப்படி ஓர் ஏற்பாடு வந்தால் ஓட்டலின் கணக்கும் மாறும். சென்னையில் ஒரு நடுத்தர ஓட்டல் இன்று குடிநீர் வாரியத்துக்குக் கட்டணம் கட்டுகிறது, பற்றாத நாளில் லாரித் தண்ணீர் வாங்குகிறது, குடிப்பதற்கென்று கேன் வாங்குகிறது அல்லது ஆர்.ஓ. இயந்திரத்துக்கு மின்சாரமும் வடிகட்டியும் செலவழிக்கிறது. அந்த இயந்திரம் வடிக்கும்போது ஒரு பகுதித் தண்ணீர் கழிவாக வெளியேறுகிறது. குழாயிலேயே குடிக்கத்தக்க தண்ணீர் வந்தால், இவற்றில் முதல் செலவு மட்டும் மிஞ்சும்.